ஆளுக்கொரு கிராஸ்

ஆமை நகர மாட்டேன் என்றது. ஆமை என்பது சில்லுவின் வீட்டுக் கார்.

அதன் பின்சக்கர ஆக்சில் உடைந்துபோனதால், மாமா பழைய சாமான் கிடங்கில் தேடி, வேறொரு காரின் ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். மாமாவுக்குத் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் தொழில். அம்மா தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். ஆகவே காரும் தங்களுக்கு அத்துப்படி என்று இருவருக்கும் நினைப்பு.

சாயங்கால ரயிலில் அப்பா வருகிறார். கப்பலில் வேலை, சில்லு அவரைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. "ஆமையிலதான் என்னைக் கூப்பிட வரணும்" என்று போனில் சொல்லியிருந்தார். சில்லுவும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டும் ஆக்சிலும் சேரும் இடத்தில், கூட்டல் குறி போன்ற ஓர் இரும்புத் துண்டு வேண்டும். அதுதான் கிராஸ். தண்டின் நுனியில் உண்டிவில் கவைபோல ஒரு யோக். ஆக்சிலின் நுனியிலும் ஒரு யோக். கிராஸின் இரண்டு கைகள் இதில் உட்காரும், இரண்டு அதில்.

அம்மா ஒரு கிராஸ் வாங்கி வந்தார். மாமாவும் ஒன்று வாங்கி வந்தார்.

"டேய், உன்னது யானைக்கு மாட்டற சைஸ். தண்டுல நுழையவே இல்ல."

"உன்னது மட்டும் என்னக்கா? ஆக்சில்ல போட்டா கொலுசு மாதிரி ஆடுது."

"நான் அளந்துதான் வாங்கினேன்."

"நான் மட்டும் கண்ண மூடிக்கிட்டா வாங்கினேன்?"

காருக்கு அடியிலிருந்து சில்லுவின் தலை எட்டிப் பார்த்தது.

"அம்மா, நீ எதை அளந்தே?"

"தண்டோட யோக்கை."

"மாமா, நீங்க?"

"ஆக்சிலோட யோக்கை."

"அப்ப ரெண்டு பேருமே சரிதான்."

இது இருவருக்குமே பிடிக்கவில்லை. "ரெண்டு பேரும் சரின்னா வண்டி ஏன் ஓடல?" என்றார் மாமா.

சில்லு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். செருப்புப் பெட்டியின் மூடியை எடுத்தாள். அம்மாவின் கிராஸை வைத்து எதிரெதிரே இரண்டு கைகளை வரைந்தாள். அதே இடத்தில் மாமாவின் கிராஸை வைத்து மீதி இரண்டை வரைந்தாள். கத்தரித்து எடுத்தபோது, கைகள் இரண்டு ஒல்லி, இரண்டு குண்டு.

உதிரிபாகக் கடைக்காரர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய், தூசி படிந்த ஒரு டப்பாவை ஊதிக்கொண்டே வந்தார்.

"வேற ஆக்சில் மாட்டினீங்களா? அதுக்குன்னே வர்ற கிராஸ் இது. உங்கம்மா ஒரு சைஸ் கேட்டாங்க, மாமா ஒரு சைஸ் கேட்டாரு. சேர்த்துக் கேட்க ஆளில்லையே."

அம்மா தன் பக்கம் தட்டினார். மாமா தன் பக்கம் தட்டினார். 'டொக்' என்று கச்சிதமாக உட்கார்ந்தது.

ரயில் நிலைய வாசலில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதும் அப்பா, "வண்டி அலுங்காம போகுதே, யார் சரி பண்ணினது?" என்று கேட்டார்.

"தண்டுப் பக்கம் நான்" என்றார் அம்மா.

"ஆக்சில் பக்கம் நான்" என்றார் மாமா.

அப்பா சில்லுவைப் பார்த்தார். "நீ?"

"நான் நடுவுலப்பா" என்றாள் சில்லு, அவர் தோளில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.