உடற்சாட்சி

காலை ஏழரைக்கு மூன்றாம் வார்டில் எல்லோரும் இடது முன்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தூத்துக்குடிக்குள் கடல் புகுந்தபின் மேட்டில் கட்டிய மனநல மருத்துவமனை அது. தோலுக்கடியில் பதித்த உடற்சாட்சி என்ற கருவி மிளகளவுக்கு ஒரு வெளிச்சம் காட்டும். பச்சை என்றால் உடம்பு நலம். சிவப்பு என்றால் அரை மணி நேரத்துக்குள் எந்த மருத்துவமனையும் கதவைத் திறந்தாக வேண்டும். செவிலி நிறங்களைக் குறித்துக்கொண்டே நடப்பாள். இருபத்திரண்டு பேருக்கு நான்கு நிமிடம். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டர் உமையாள் மனசுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வாள். நிமிரட்டுமே, அவளுக்கு உரிமை உண்டு. முப்பது வருடத்துக்கு முன்பு மனநோயாளிகள் மற்றவர்களைவிடப் பதினைந்து வருடம் முன்னதாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மனநோயால் அல்ல, மாரடைப்பாலும் சர்க்கரையாலும். நெஞ்சு வலிக்கிறது என்று போனால், பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் மனசுதான் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனநல மருத்துவர்களோ ஸ்டெதஸ்கோப் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தார்கள். உமையாள் மட்டும் இன்ச் டேப்போடு வார்டைச் சுற்றி எல்லோர் இடுப்பையும் அளந்தாள். சக டாக்டர்கள் அவளுக்குத் தையல்காரி என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று அவள் அலையாத அலுவலகம் இல்லை. கடைசியில் உடற்சாட்சிச் சட்டம் வந்தது. அதன் முதல் வரி அவள் எழுதியது: நோயாளியின் உடம்பு சொன்னால் மருத்துவர் நம்பியாக வேண்டும்.

அந்த வியாழக்கிழமை சூசை மிக்கேல் கையை நீட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஒரு காலத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, இருபத்தாறு வருடமாக உமையாளின் நோயாளி.

"வயிறு வலிக்கு டாக்டரம்மா. மூணு நாளாச் சொல்லுதேன். இந்தப் பிள்ள பச்சைன்னு எழுதிட்டுப் போயிருது."

செவிலி சங்கடத்தோடு பலகையை நீட்டினாள். மூன்று நாளும் பச்சைதான். மூன்று நாளும் கீழே உமையாளே கையெழுத்துப் போட்டிருந்தாள். புகாருக்கு நேரே 'சாட்சி இல்லை' என்று ஒரு குறிப்பு. அதையொட்டி சூசையின் மனநல மாத்திரை தானாகவே இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. இப்படி ஒரு குறிப்பு இருப்பதை, கையெழுத்துப் போடும்போதுகூட, உமையாள் கவனித்ததில்லை.

அவர் சட்டையை விலக்கி வயிற்றில் கை வைத்தாள். உப்பி, கல்லாக இறுகியிருந்தது.

"வெளிய போயி எத்தன நாளாச்சு அண்ணாச்சி?"

"ஒம்பது நாளு இருக்கும். இப்ப யாரு அதெல்லாம் கேக்கா?"

சூசை சாப்பிடும் மாத்திரை குரல்களை அடக்கும், கூடவே குடலையும் அடக்கிப் போட்டுவிடும். அந்தக் காலத்தில் இடுப்பை அளக்கும்போதே ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியையும் கேட்டுவிடுவாள். சாட்சி வந்தபின் நிறுத்தியாயிற்று. சாட்சிக்கு இதயம் தெரியும், சர்க்கரை தெரியும், ஈரல் தெரியும். குடல் தெரியாது. "கக்கூஸ் போறதுக்கெல்லாமாக்கா சென்சார் வைப்பாங்க?" என்று வடிவமைப்புக் குழுவில் கேட்டவர் டாக்டர் செண்பகராமன். இருபது வருடமாக அவளோடு தோளோடு தோள் நின்றவர். குழுவே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பக்கத்துக் கட்டடத்து அறுவை மருத்துவர் சூசையைப் பார்க்கவே மறுத்தார்.

"சாட்சி பச்சைன்னா நான் கத்திய எடுக்கக் கூடாது மேடம். ரெண்டாம் பிரிவு இருக்கே. எடுத்தா என் உரிமம் போயிரும்."

"எந்த ரெண்டாம் பிரிவு?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். போன மாதத் திருத்தம். உடம்பு சொல்லாத ஒன்றைப் பதிவேட்டிலுள்ள மனநோயாளி வாயால் சொன்னால், அது மனநோயின் அறிகுறியாகவே கொள்ளப்படும். அடியில் குழுத்தலைவரின் கையெழுத்து. அவளுடைய கையெழுத்து.

செண்பகராமன் இப்போது வாரியச் செயலர். உமையாள் அழைத்ததும் முதல் மணியிலேயே போனை எடுத்தார்.

"ஆமாக்கா, நான்தான் சேர்த்தேன். வெளிச்சம் பச்சையா இருக்க, வலிக்குதுன்னு தினமும் ஆயிரம் புகாரு. ஆஸ்பத்திரிக்காரங்க சட்டத்தையே தூக்கணும்னு நின்னாங்க. உங்க முதல் வரியக் காப்பாத்தத்தான் இத விட்டுக்கொடுத்தேன்."

"என் கையெழுத்து?"

"மத்தத் திருத்தங்களோட ஒரே கட்டா அனுப்புனேனே. நான் அனுப்புனா நீங்க படிக்கவே மாட்டீங்களேக்கா."

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். குரலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்திருந்தால்கூட ஆறியிருப்பாள். கனிவு இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை.

"ஒரே ஒருத்தருக்கு விலக்குக் குடு."

"வாரியம் கூடணும்க்கா. திங்கக்கிழமை பேசுறேன்."

திங்கட்கிழமைவரை சூசை தாங்க மாட்டார். உமையாள் அந்தப் பிரிவை மறுபடி படித்தாள். பதிவேட்டிலுள்ள மனநோயாளி என்றுதான் இருந்தது. பதிவேட்டில் இல்லாத ஒருவன் வயிறு வலிக்கிறது என்றால் உலகம் அப்படியே நம்பும், எந்த வெளிச்சமும் வேண்டாம். பெயரை நீக்க ஒரு மனநல மருத்துவரின் கையெழுத்துப் போதும். ஆனால் அதற்குச் சட்டம் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்கும்: முதலில் கண்டறிந்ததே தவறு, இவருக்கு மனநோய் இல்லை, இருந்ததுமில்லை. அப்படி நீக்கிவிட்டால் மாத்திரையும் வார்டும் அத்தோடு சரி. மறுபடி சேர்க்க மூன்று வருடம் ஆகும்.

எழுதினாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நிமிடத்தில் தள்ளுவண்டி வந்தது. அதே அறுவை மருத்துவர் குனிந்து, "எங்க சார் வலிக்குது?" என்று சூசையிடம் அத்தனை மரியாதையாகக் கேட்டார். உமையாளுக்கு அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது.

அழுகத் தொடங்கியிருந்த இரண்டு அடிக் குடலை வெட்டி எடுத்தார்கள். சூசை பிழைத்துக்கொண்டார். ஆறாம் நாள் மத்தியானம் விடுவிப்புச் சீட்டு வந்தது. அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை உமையாள் கட்டிலருகே காத்திருந்தாள்.

"இருந்ததுமில்லைன்னு போட்டிருக்கு."

"உசிரக் காப்பாத்த வேற வழி தெரியல அண்ணாச்சி."

"அது சரிதாம்." சீட்டை மடித்தார், மறுபடி விரித்தார். "எனக்குக் கேட்டத எங்க வீட்டுல யாரும் நம்பல. பொண்டாட்டி நடிப்புன்னா. கோயில்ல பேயின்னாவ. நீங்க ஒராளுதாம் இது நோயி, நெசமான நோயின்னு சொன்னிய. அத வச்சுத்தாம் இருவத்தாறு வருசம் ஓட்டுனேன்."

"இப்பவும் அதத்தான் சொல்றேன். சத்தியமா."

"அத எழுதித் தருவியளா?"

உமையாள் எடுத்த பேனாவை மூடி வைத்தாள்; அதை எழுதினால் அவரைக் காப்பாற்றிய சீட்டு பொய்யாகிவிடும். சூசை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"காலைலருந்து அந்தக் குரலு மறுபடியும் கேக்க ஆரம்பிச்சிருச்சு," என்றார். "நோயாளியா ஒங்ககிட்டச் சொல்லல டாக்டரம்மா. சும்மா சொல்லுதேன்."