நாலடி முடக்கம்

பால் குடித்து ஏப்பம் விட்டதும் குழந்தைக்கு ஐந்து கிலோ இரும்பை மாட்டிவிடுவது செவ்வாயில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். பதறாதீர்கள். அந்த மண்ணில் எதற்கும் கனம் குறைவு. பூமியில் பத்து கிலோ இருக்கிற பிள்ளை அங்கே நாலு கிலோவுக்கும் கீழேதான் கனக்கும். கனமில்லாமல் வளர்கிற எலும்பு மெலிந்துபோகும். அதனால்தான் சட்டைக்கு மேலே, இரும்புக் குண்டுகள் வைத்துத் தைத்த கனச்சட்டை. செண்பகவல்லி தன் மகள் நிறைமதிக்கு அதன் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். அவசரத்தில் இரண்டு கொக்கி இடம் மாறிப்போனது.

"மெதுவா மாட்டு வல்லி. பிள்ளையக் கிள்ளிராத," என்றான் அவள் கணவன் முத்தரசன்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. மூச்சுகூட விடாம நிக்கிறீங்க, அதைப் பார்த்தாத்தான் எனக்குக் கொக்கி மாறிப்போகுது."

அன்றைக்கு மதிக்கு நடைத் தேர்வு.

அந்தக் குடியிருப்பில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் பதினாலாம் மாதத்தில் மருத்துவமனையின் உணர்தரைமேல் நடந்து காட்ட வேண்டும். கால் பதிகிறபோதே எலும்பு எப்படி, நரம்பு எப்படி என்று அந்தத் தரை படித்துவிடும். நாலு அடி போதும். நடக்காத பிள்ளையை எடைமனைக்கு அனுப்பிவிடுவார்கள். எடைமனை என்பது வானத்தில் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பெரிய சக்கரம். அதற்குள்ளே பூமியின் கனம் இருக்கும். பிள்ளை அங்கே ஆறு மாதம் இருக்க வேண்டும். செவ்வாயில் பழகிய பெரியவர்களின் இதயம் அந்தக் கனத்தைத் தாங்காது. ஆகவே தாயும் தகப்பனும் கூடப் போக முடியாது. ஆறு மாதம் கழித்துத் திரும்புகிற பிள்ளைக்குப் பெற்றவள் முகம் நினைவிருக்குமா?

இதை நினைத்து நினைத்தே வல்லி மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தாள். உயிர்வளித் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சாமான் அறை. அங்கே பூரணம் டீச்சர் என்று ஒருவர் நடைக்கு டியூஷன் எடுத்தார். உணர்தரையைப் போலவே வெள்ளைக் கோடு போட்ட பாய் வைத்திருந்தார். நாலு அடி, உட்கார், கைதட்டு. தட்டியதும் நாக்கில் ஒரு சொட்டு பேரீச்சம்பாகு. "உங்க பிள்ளைக்காக மட்டும்தான் ஒத்துக்கிட்டேன். வெளிய யார்கிட்டயும் மூச்சு விட்ராதீங்க," என்று டீச்சர் சொல்லியிருந்தார். வல்லியும் விடவில்லை.

தேர்வறையில் மதி ஒரு குறையும் வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பொத்தென்று உட்கார்ந்து கைதட்டினாள். முத்தரசனும் சேர்ந்து தட்டினான்.

டாக்டர் ஜெபமணி மட்டும் தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பதினேழு," என்றார்.

"என்ன டாக்டர் பதினேழு?"

"உட்காருங்கம்மா. ரெண்டு மாசமா இங்க வர்ற பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான். சரியா நாலு அடி, அஞ்சாவது அடி கிடையாது. கால் மடங்குது, கை ரெண்டும் தானா அடிச்சுக்குது. பூமியிலேர்ந்து இதுக்குப் பேரே வச்சு அனுப்பிட்டாங்க. நாலடி முடக்கம்."

வல்லி மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. ரத்தம் எடுக்கிறோம், எலும்பைப் படம் எடுக்கிறோம். எதுவும் பிடிபடலைன்னா வியாழக்கிழமைக் கப்பல்ல பதினேழு பேரும் எடைமனைக்குப் போறாங்க."

அன்று செவ்வாய்க்கிழமை.

கூடத்தில் எல்லாக் குழந்தைகளையும் திரும்ப வரவழைத்திருந்தார்கள். பஞ்சு ஒட்டிய குட்டிக் குட்டிக் கைகள். ஊசி குத்தின ஆத்திரத்தில் மதி அப்பாவின் காதைப் பிடித்து இழுத்தாள். பதினேழு தாய்மாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூட அடுத்தவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லிரலாமாங்க?" என்று வல்லி கிசுகிசுத்தாள்.

"சொன்னா? டியூஷன் வச்சுத் தேர்வுக்குக் கூட்டிட்டு வந்தோம்னு ஊரே சிரிக்கும். தேர்வு செல்லாதுன்னு நேரா கப்பல்ல ஏத்திருவாங்க."

"சொல்லலைன்னாலும் கப்பல்தானே?"

முத்தரசன் எழுந்து நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தான். "மத்த பிள்ளைங்களுக்கு நெசமாவே நோவு இருக்கும். நம்ம பிள்ளைக்குத்தான் டியூஷன். படத்துல தெரிஞ்சிரும், பாரு."

உண்மையில் அந்தக் கூடத்தில் மற்ற பதினாறு தாய்மாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதினேழாவது ஆள் வல்லி. அவளால் உட்கார முடியவில்லை. மகளைக் கணவன் மடியில் போட்டுவிட்டு டாக்டரின் அறைக்குள் போனாள்.

"டாக்டர், எம் பிள்ளைக்கு நோய் இல்லை. நான்தான் சொல்லிக் குடுத்தேன்." பாய், கோடு, பாகு, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

ஜெபமணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பூமியில நாற்பது விஞ்ஞானிங்க உட்கார்ந்து மண்டைய உடைச்சுக்கிறாங்கம்மா."

"எம் பிள்ளைய அனுப்பிராதீங்க டாக்டர்."

"அவ நடக்கிறாளா இல்லையான்னே இப்ப தெரியலையே. நீங்க சொல்லிக் குடுத்ததுதான் தெரியுது. யாரும் பார்க்காதப்ப என்ன பண்றான்னு பார்ப்போம்."

வெள்ளைக் கோடு இல்லாத ஓர் அறையில் மதியைத் தனியாக விட்டார்கள். இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் தெரிகிற கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வல்லி நின்றாள். சத்தம் வரக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

மதி எழுந்தாள். நாலு அடி. உட்கார்ந்தாள். கைதட்டினாள். நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

யாரும் வரவில்லை. மறுபடி தட்டினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வல்லி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அழுகை வரவில்லை. எதிர்ச்சுவரில் காற்று வருகிற கம்பிச் சன்னலில் ஒரு காகிதத் துண்டு படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மதி அதையே பார்த்தாள். கையை ஊன்றி எழுந்தாள். நாலு, ஐந்து. கனச்சட்டை ஒரு பக்கம் இழுக்க, கொஞ்சம் சாய்ந்து சமாளித்தாள். ஒன்பது, பத்து. வல்லி மனதுக்குள்ளேயே எண்ணினாள். பத்தொன்பதாவது அடியில் காகிதத்தைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள் மதி.

"கூட்டிட்டுப் போங்க," என்றார் ஜெபமணி. "முதல்ல வாயில இருக்கிறத எடுங்க."

சாயங்காலத்துக்குள் மற்ற பதினாறு பிள்ளைகளும் அந்த அறையில் நடந்துவிட்டன. ஒருத்தன் நடக்காமல் ஓடினான். வியாழக்கிழமைக் கப்பல் குழந்தைகள் இல்லாமலே போனது.

அடுத்த வாரம் சுகாதாரத் துறை அறிவித்தது: இனி நாலடித் தேர்வு கிடையாது. குழந்தையை யாரும் பார்க்காத அறையில் விட்டு, அது தானாக எப்படி நடக்கிறது என்று மட்டுமே கவனிக்கப்படும். இதன் பெயர் தனிநடைத் தேர்வு.

மறுநாள் காலை வல்லியின் கைத்திரையில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. "தனிநடைத் தேர்வுக்குச் சிறப்பு வகுப்பு! யாரும் பார்க்காதபோது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று குழந்தைகளுக்குக் கற்றுத்தரப்படும். இடங்கள் குறைவு. தொடர்புக்கு: பூரணம் டீச்சர்."

வல்லி அதைத் தள்ளிவிடாமல் கீழே கீழே படித்துக்கொண்டே போனாள்.

"நமக்கு எதுக்கு அது? அதான் தேறிட்டாளே," என்றான் முத்தரசன்.

"தெரியும்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடுத்து வர்ற பேச்சுத் தேர்வுக்கும் எடுக்கிறாங்களான்னு பார்த்தேன்."

முத்தரசன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எடுக்கிறாங்களா?"