ஜெஸ்லின் கடை பீரோ

திங்கட்கிழமை காலை. கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் வீட்டு முன்னறையையே ஆபீசாக வைத்திருந்த இளம் வக்கீல் ஆஷா காபியைக் குடித்து முடிப்பதற்குள், தையல்கடை ஜெஸ்லின் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“வக்கீலம்மா, என் பீரோவுக்குப் பின்னால சொவரு வெடிச்சிருக்காம். மூணு வருஷமா நான் அத மறைச்சு வச்சிருக்கேனாம். நாளைக்கு கடையப் பாக்க வாற கோர்ட்டு கமிஷனருக்கு கட்டிடத்து ஓனரு எழுதிக் குடுத்திருக்காரு. நகல நேத்து அவரே கொண்டு வந்து தந்தாரு.”

“நிஜமாவே வெடிச்சிருக்கா?”

“டார்ச் அடிச்சுப் பாத்தேன். வெடிச்சிருக்கு! சத்தியமாட்டு முன்னால இல்ல.”

ஆறு மாதமாக நடக்கும் வழக்கு இது. கட்டிடத்தை இடித்துக் கட்ட வேண்டும், கடையைக் காலி செய் என்கிறார் வீட்டுக்காரர் ஸ்ரீகண்டன். ஆசைப்பட்டால் மட்டும் போதாது என்கிறது வாடகைச் சட்டம். கட்டிடம் இடிக்க வேண்டிய நிலையில் இருக்க வேண்டும், பிளானும் லைசென்சும் கையில் இருக்க வேண்டும், கட்டி முடித்தால் பழைய வாடகைக்காரருக்கே முதல் உரிமை. பிளானும் லைசென்சும் அவரிடம் இருந்தன. கட்டிடம்தான் கல்லுக் குண்டாக நின்று அவர் காலை வாரிக்கொண்டிருந்தது. இப்போது அதிலும் விரிசல்.

“முதல் உரிமை இருக்கட்டும், கட்டி முடிக்கிற ரெண்டு வருஷமும் நான் எங்க உக்காந்து தைப்பேன்?” என்றாள் ஜெஸ்லின். “பதினேழு வருஷமா சேத்த கஸ்டமருங்க. ஒரு யூனிபார்ம் சீசன் விட்டா வேற கடைக்குப் போயிருவாங்க.”

“கடையைப் பூட்டிண்டு எங்கேயாவது போனேளா?”

“வியாழக்கிழமை போனக்காட்டுக்குப் போனேன், தங்கச்சி புள்ளைக்கு ஞானஸ்நானம். நேத்து மத்தியானம்தான் வந்தேன். பூட்டு போட்டபடியே இருந்துச்சு. வேற சாவி வீட்டுக்காரர்ட்ட மட்டும்தான் இருக்கு.”

இந்த இடத்தில்தான் ஆஷாவுக்கு மாடம்மாள் ஞாபகம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்து, இருபது வருஷம் சாந்துச் சட்டி சுமந்து, இன்று இந்தத் தெருக்களின் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையைத் தானே எடுத்துச் செய்கிறவள். ஆஷா வீட்டு அடுக்களையின் ஒழுகலை, மூன்று மேஸ்திரிகள் கைவிட்ட பிறகு, ஓடுகளைத் தொடாமலே கண்டுபிடித்தவள். அன்றிலிருந்து ஆஷாவுக்கு அவளிடம் ஒரு பக்தியே உண்டு.

மாடம்மாள் கடைக்குள் வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. பீரோவைப் பார்த்தாள். கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணிப்பட்டை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

“இது எதுக்கு மக்ளே?”

“அந்தக் கதவு சனியன், தானா தொறந்து முழங்கையில இடிக்கும். அதுக்குத்தான் கட்டி வைப்பேன். நேத்துலேருந்து கட்ட மறந்துட்டேன், இந்தக் கவலையில.”

மாடம்மாள் ஒரு சட்டைப் பொத்தானை வாங்கிச் சுவரோரம் விளிம்பில் நிற்கவைத்து விட்டாள். அது மெல்ல உருண்டு வாசல்படியில் போய் முட்டியது. பிறகு தரையோடு தரையாகக் குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் பீரோவின் அடியையும் பின்புறத்தையும் நெடுநேரம் பார்த்தாள்.

“லாரி அதிர்ச்சியில வெடிச்சிருக்குமோ, மாடம்மாக்கா?” ஆஷா ஆர்வமாகக் கேட்டாள்.

“லாரிக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது” என்று எழுந்தாள் மாடம்மாள். “பீரோவ யாரும் தொடாதீங்க. நாளைக்கு வீட்டுக்காரரோட கொத்தனாரும் வரணும்னு சொல்லு.”

செவ்வாய்க்கிழமை கோர்ட்டு நியமித்த கமிஷனர் அழகியநம்பி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வெள்ளை வேட்டியில் ஸ்ரீகண்டன். அவருக்குப் பின்னால், புதுக் கட்டிட வேலையை எடுத்திருக்கும் தாசையன். நல்ல கொத்தனார் என்று பெயரெடுத்தவர்.

“நோக்கிக்கோளூ சாரே, பழைய விரிசல். இந்த ஸ்திரீ மறைச்சு வச்சதாக்கும். நான் இந்தக் கடைக்குள்ள கால் வச்சே ஒரு கொல்லமாச்சு, வருஷம் ஒண்ணு” என்றார் ஸ்ரீகண்டன்.

மாடம்மாள் கமிஷனரிடம் டார்ச்சை நீட்டினாள். “ஐயா, தையக்கடையில நூல் தூசி மெத்த மாதிரி படியும். பீரோவுக்குப் பின்னால பதினேழு வருஷத் தூசி கிடக்கு. விரிசல் மூணு வருஷம் பழசுன்னா, உதிந்த காரைப்பொடி தூசிக்கு அடியில இருக்கணும். எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க.”

கமிஷனர் குனிந்து பார்த்தார். “மேலே இருக்கிறது. வெள்ளையாக, புதிதாக.”

“விரிசலும் பீரோ உயரத்தோட நின்னு போச்சு. அஸ்திவாரம் எறங்குன வெடிப்புக்கு பீரோ உயரம் எப்படித் தெரியும்? பீரோவ நகத்தி உளியால கொத்தியிருக்காங்க.”

“ஆரு? ஆரு செய்தது?” ஸ்ரீகண்டன் குரல் உயர்ந்தது. “பூட்டியிருந்த கடையில அவளே செய்திருக்கும்!”

நியாயமான அடிதான். மாடம்மாள் நிதானமாக பீரோவின் முன்கால்களைக் காட்டினாள். இரண்டின் அடியிலும் ஓட்டுச்சில்லு ஒவ்வொன்று செருகியிருந்தது.

“யாருன்னு தெரியாது. ஆனா கத்துக்குட்டிப் பய. தரை வாசலப் பாத்துச் சரிவு, அதனால சில்லு வச்சிருக்கான். வச்சதையும் கோணலா வச்சு, பீரோ கிடந்து ஆடுது.”

“ஆடாது!” என்றார் தாசையன். “ரசமட்டம் வச்சுல்லா பாத்தேன்!”

ஸ்ரீகண்டன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். தாசையன் முகம் சுருங்கிப் போயிற்று.

“சொவரக் கொத்திச் சோதிக்கணும்னு அவருதான் சாவி தந்தாரு. இந்த அம்மாவுக்குத் தெரியும்னாரு” என்றார் தணிந்த குரலில்.

“ஆடல அண்ணாச்சி. அருமையான வேல” என்றாள் மாடம்மாள். “திருடப் போன எடத்துலயும் பீரோவக் கோணலா விட்டுட்டு வர ஒரு நல்ல கொத்தனாருக்கு மனசு வராது. கதவு தானா தொறக்கலன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

ஆஷா அவளையே பார்த்தாள். அந்தத் துணிப்பட்டையை அவளும்தான் பார்த்தாள்! ஐந்து வருஷம் சட்டம் படித்தவளுக்குத் தோன்றாதது, சாந்துச் சட்டி சுமந்தவளுக்கு ஒரே பார்வையில் தோன்றியிருக்கிறது. எழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

கமிஷனர் எல்லாவற்றையும் எழுதி, படம் எடுத்து, சில்லுகளைச் சாட்சிப் பொருளாக எடுக்கச் சொன்னார். தாசையனே பீரோவைத் தூக்கிப் பிடித்து அவற்றை உருவிக் கொடுத்தார்.

பீரோ முன்பக்கம் லேசாகச் சாய்ந்தது. கதவு கிறீச்சென்று மெல்லத் திறந்து வந்து, பக்கத்தில் நின்ற ஜெஸ்லினின் முழங்கையில் இடித்தது. பதினேழு வருஷமாகத் திட்டிய கதவை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, சிவப்புத் துணிப்பட்டையை எடுத்துக் கட்டிவிட்டு, பாதியில் நின்ற யூனிபார்மைத் தைக்க மிஷினில் போய் உட்கார்ந்தாள்.