மடுவின் வெப்பம்

ஆற்றங்கரைக் கல்வீட்டின் பூட்டைத் திறந்ததும் குளியல்துறையின் புதிய மேற்பார்வையாளரை எதிர்கொண்டது பாசியின் வாடை. கதவின் பின்னால் ஆணியில் ஒரு கயிறு சுருண்டு தொங்கியது. அதன் நுனியில் ஈயக்குண்டும் நீரின் வெப்பம் அளக்கும் கருவியும் கட்டப்பட்டிருந்தன. கோடை பிறந்து வெயில் கல்லை வறுத்துக்கொண்டிருந்த பிற்பகல். பல நாளாக ஒருவர் கையும் படாத அந்தக் கயிறு மட்டும் சொட்டுச் சொட்டாக நீர் வடித்துக்கொண்டிருந்தது.

"இதை வெயில்ல காயப்போடக்கூட துப்பில்லாதவன்கிட்டயா இத்தனை நாள் இந்தத் துறையைக் குடுத்து வச்சிருந்தாங்க?" என்றார் அவர்.

முன்னிருந்தவர் மேல் அவருக்கிருந்த இளக்காரம் கொஞ்சநஞ்சமன்று. அந்த மனிதர் போன ஆண்டு வேனில் முதிர்ந்தும் சிவப்புக் கொடியை இறக்காமல், குளிக்க வந்தவர்களைக் கரையிலேயே வேர்க்கவிட்டு, முடிவில் வேலையையும் உதறிவிட்டுப் போனவர். இவரோ இளமையில் நீந்திப் பதக்கம் வாங்கியவர். அஞ்சுகிறவர்களைக் கண்டால் இவருடைய மேலுதடு தானாகவே ஒருபக்கம் ஏறிக்கொள்ளும். பணியேற்ற முதல் நாளே பச்சைக் கொடி பறக்கும் என்றும், முதலில் இறங்கித் தம் மகளே அக்கரை தொட்டு மீள்வாள் என்றும் அறிவித்துவிட்டார். கரையில் துவாலையும் தோளுமாய்க் கூடியிருந்தவர்களை, கூண்டு திறக்கக் காத்திருக்கும் கோழிகளைப் போல ஒருமுறை பார்த்தார்.

"அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?"

மகள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இருமுறை இழுத்தாள். முதல் இழுப்பு மெல்ல; இரண்டாவது வலுவாக. பொறுமை கெட்டால் அவள் நடைபழகிய நாள்முதல் செய்வது அது.

படித்துறையின் கடைசிப் படியில் கருவியை முக்கி எடுத்தார். இருபத்திரண்டு டிகிரி.

"பாத்தியா மச்சான்? கைக்குழந்தையக் குளிப்பாட்டலாம்."

மச்சான் என்று அழைக்கப்பட்டவர் அவருடைய மனைவியின் தம்பி; அந்தத் துறையின் உயிர்காப்பாளர். படகின் விளிம்பில் அமர்ந்திருந்தவர் தலையசைத்து மறுத்தார்.

"மேல்தண்ணிய நம்பாதீங்க அத்தான். மலையில இப்பதான் பனி உருகுது. அந்தத் தண்ணி கனம், அடியிலதான் கிடக்கும். நடு ஆத்து மடுவுல இறக்கிப் பாருங்க."

"அடியில யாருடா குடியிருக்கா, குளிர் தாங்கலைன்னு உன்கிட்ட புகார் சொல்ல?"

கூட்டம் சிரித்தது. மைத்துனர் சிரிக்கவில்லை. அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் முங்கின ஆளு இன்னும் மேல வரலை. அப்பலேருந்து கயித்த இறக்கினா யாரோ பிடிச்சுக்கிறாங்க. முன்னாடி இருந்தவரு அதுக்குத்தான் ஓடினாரு."

"நல்ல கதை. உங்கக்கா கேட்டா ராத்திரி தூங்க மாட்டா. எடு படகை. உன் பேயையும் ஒரு தடவை விசாரிச்சுட்டு வந்துருவோம்."

மடுவின் மேல் ஓசைகள் அடங்கின. கரையின் ஆரவாரம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கியது. நீர் அங்கே பச்சையாக இல்லை, கருமையாகவும் இல்லை, கண்ணை மூடினால் தெரியும் நிறத்தில் இருந்தது. அவர் கயிற்றை விட்டார். குண்டு இறங்கியது, இறங்கியது, நின்றது.

இழுத்தார். வரவில்லை.

பாறையில் சிக்கிய கயிறு அசையாது. இது அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, மீண்டும் ஒவ்வொன்றாக இறுகுவது போன்ற அசைவு.

பிறகு விட்டுவிட்டது.

கருவி ஆறு டிகிரி காட்டியது. கயிற்றிலிருந்து வழிந்த நீர் பட்ட இடமெல்லாம் அவருடைய கை மரத்தது.

"ஆறா? கருவி கெட்டுப்போச்சு. கயிறு கல்லுல மாட்டுச்சு. ரெண்டையும் சேத்து நீ பேய்ங்கிற. திருப்புடா படகை, பயந்தாங்கொள்ளி."

பச்சைக் கொடி ஏறியது.

மகள் குதித்தாள். கைவீச்சு ஒவ்வொன்றும் அளந்து வைத்தாற்போல் விழ, பொன்வெயில் சிதறச் சிதற நீந்தினாள். அவர் கரையிலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். உதடு ஏறிற்று.

கைவீச்சின் ஓசை நின்றது.

மடுவின் மேல் ஒருவரும் இல்லை. அலறல் எழவில்லை, குமிழியும் எழவில்லை. மைத்துனர் துடுப்பைப் பற்றுமுன் அவர் உடுத்த உடையோடு பாய்ந்திருந்தார்.

மேல்நீர் மென்மையாக இருந்தது. அதற்குக் கீழே இறங்கியதும் மார்பை இரும்புப் பட்டை இறுக்கிற்று. தம்மைக் கேளாமலே வாய் திறந்து நீரை விழுங்கியது. தண்மையை இறைவனின் அருளென்று பாடிய நாக்குகள் எத்தனையோ உண்டு. அந்த மடுவில் இருந்தது அருளற்ற தண்மை. உயிருள்ள உடம்பின் வெம்மை ஒன்றுக்காகவே அது நெடுநாள் பசித்திருந்தது. இருளில் அவர் கை ஒரு கையைப் பற்றியது. அது அவரைவிட முந்தி, அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

மைத்துனர் இருவரையும் படகில் இழுத்துப் போட்டார்.

கரையில் அவருடைய பற்கள் அடித்துக்கொண்டன. மகள் நிமிர்ந்து அமர்ந்திருந்தாள். யாரோ போர்த்திய துவாலையைத் தோளிலிருந்து தள்ளிவிட்டாள்.

"எனக்குக் குளிரலைப்பா."

குரல் அவளுடையதுதான். ஆயின் அவள் அவரைப் பார்க்கவில்லை. காலிசெய்துவிட்டு வந்த வாடகை வீட்டைப் பார்ப்பது போல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைத்துனர் அவள் நெற்றியைத் தொட்டுக் கையைச் சட்டென்று எடுத்தார். கருவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் மறுக்கவில்லை, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள், ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

ஆறு டிகிரி.

"கெட்டுப்போன கருவிதானே அத்தான்?" என்றார் மைத்துனர். "சொல்லுங்க. கெட்டுப்போச்சுன்னு இப்பவும் சொல்லுங்க."

அவர் கருவியைப் பிடுங்கிக்கொண்டு படகை நோக்கித் தள்ளாடி ஓடினார். மைத்துனர் பின்னாலேயே வந்து துடுப்பு வலித்தார். மடுவின் மேல் மீண்டும் ஓசைகள் அடங்கின. கயிறு இறங்கியது. கீழே ஏதோ அதை வாங்கிக்கொண்டது, நெடுநேரம் வைத்திருந்தது, விட்டது.

முப்பத்தேழு டிகிரி.

கயிற்றின் நுனி, நெஞ்சில் அணைத்து வைத்திருந்ததைப் போல் வெதுவெதுப்பாக இருந்தது.

"அத்தான்," மைத்துனர் கிசுகிசுத்தார், "இது ஆத்தோட சூடு இல்ல. ஆளோட சூடு."

கருவி மேற்பார்வையாளரின் கையிலிருந்து நழுவி மீண்டும் மடுவுக்குள் போயிற்று. கயிறு மட்டும் விரல்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் மகள் எழுந்து நின்றாள். அத்தனை தொலைவிலும் அவளுடைய மேலுதடு ஒருபக்கம் ஏறியது தெரிந்தது. அவள் குரலை உயர்த்தவேயில்லை. நீரின் மேல் அது வழுக்கிக்கொண்டு வந்தது.

"அடியில யாருப்பா குடியிருக்கா?"

கயிறு நின்றது.

அவர் கையை ஏதோ கீழிருந்து இழுத்தது. மெல்ல ஒருமுறை.

பிறகு, பொறுமை கெட்டாற்போல், வலுவாக ஒருமுறை.