பேண்ட் சைஸ் மாறவே இல்ல

"மூச்ச விடுங்க சார்…"

"விட்டுட்டேங்க."

"வயிறு இன்னும் உள்ளயே இருக்கே?"

மஞ்சக்குப்பம் மைதானத்தில் இலவச மருத்துவ முகாம். ஷாமியானா மேல் மழை தாளம் போட்டது. அளவு நாடாவோடு நின்றவள் லோகநாயகி, சிதம்பரத்தில் ஊட்டச்சத்துப் படிப்பு படிப்பவள். அந்தக் கண்கள்… மை தீட்டிய இரண்டு மழைமேகங்கள்! பார்த்த நொடியில் தேவநாதன் வயிற்றை எக்க மறந்தான். அது சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு சபைக்கு வந்தது.

"காலேஜ்லேருந்து பேண்ட் சைஸ் முப்பத்திரண்டுதாங்க. மாறவே இல்ல!"

"சைஸ் மாறல சார். பேண்ட்தான் வயித்துக்குக் கீழ எறங்கிடுச்சி."

கூட வந்த நண்பன் பொன்னுரங்கம் நாற்காலியோடு சரிந்தான். "மச்சான், மானமும் சேந்து எறங்கிடுச்சிடா!"

அவள் சிரிக்கவில்லை. "கை கால் ஒல்லி, கொழுப்பு மொத்தமும் வயித்துல. இதான் ஆபத்து. வீட்ல யாருக்காச்சும் சுகர்?"

"அப்பாவுக்கு… அதுலதான் போய்ட்டாரு."

"அப்ப உடனே டெஸ்ட் எடுங்க."

எடுக்கவில்லை. அவள்மேல் கோபம் என்று பொன்னுரங்கத்திடம் சொன்னான். உள்ளே இருந்தது பயம்.

அடுத்த மாதம் வேலையாகச் சிதம்பரம் போனவன், மழைக்கு பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கி, போண்டாவைக் கடித்தான். எதிரே ஒரு குடை… அடியில் அதே கண்கள்!

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எதுக்குங்க? தெரியாம இருக்கறதே நிம்மதி."

"உங்களுக்கு நிம்மதி. எனக்குல்ல தூக்கம் வரல…" சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல மஞ்சக்குப்பம் லேபுக்கு வாங்க. வெறும் வயித்தோட! நானும் வரேன்."

முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ரத்தம் கொடுத்தபின் ஒரே பெஞ்சில், நடுவே ஓர் ஆள் இடம் விட்டு, இருவரும் காத்திருந்தார்கள். லேப் அம்மா எட்டிப் பார்த்தார்.

"தேவநாதன்… சுகர் இல்லப்பா. தொப்பைய மட்டும் கொற."

அப்பாடா…! அவனுக்கு உடம்பே லேசானது. திரும்பினால், அவள் துப்பட்டாவில் கண்ணைத் துடைக்கிறாள்.

"ஏங்க, எனக்குத்தான சுகர் இல்ல… நீங்க ஏன் அழுவுறீங்க?"

"முகாம்ல அத்தன பேர அளந்தேன். ஒருத்தருக்காக மட்டுந்தான் தில்லைக் காளிகிட்ட வேண்டிக்கிட்டேன்… சுகர் இல்லன்னா சர்க்கரைப் பொங்கல் வைக்கறேன்னு."

படித்த படிப்புக்கு ஏற்ற வேண்டுதல்தான்.

"அதுல எனக்கு எவ்ளோங்க?"

"ஒரு ஸ்பூன்." நிமிர்ந்தாள். கன்னம் சிவந்திருந்தது. "ஆயுசுக்கும் நான்தான் அளந்து போடுவேன்… சம்மதமா?"

"சம்மதங்க…"

அரை ஸ்பூன் கூடப் பேரம் பேசவில்லை.