எட்டாவது புள்ளி

ஏழு முறை அடித்துவிட்டு எட்டாவதை விழுங்கியது அந்தக் கைக்கடிகாரம். பிறகு மறுபடி ஏழு.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் அதைக் காதோடு வைத்து முகம் சுளித்தார். எதிர்வீட்டுக் கொசு தும்மினால் எந்தக் காலில் நின்று தும்மியது என்றுகூடச் சொல்லிவிடுவார். அதனால் தெருவே வைத்த பெயர் பாம்புச்செவி. நாற்பது வருடத்தில் சரியாகாத கடிகாரம் ஒன்றுகூட அவர் கடையை விட்டுப் போனதில்லை. அந்தக் கர்வத்தை வைக்கக் கடையில் இடம் போதாமல், பாதியைப் பின்னாலிருந்த வீட்டில் வைத்திருந்தார்.

"ஏழு பேர்கிட்ட குடுத்துட்டேங்க," என்றாள் கொண்டுவந்த பெண்மணி. "ஒருத்தரும் திருப்பித் தரலை. ஒவ்வொரு கடையா நானே போய் எடுத்துட்டு வந்தேன்."

"ஏன், ஓடிட்டாங்களா?"

"தெரியலை. கடை தொறந்து கிடந்துச்சு. நாற்காலி சூடா இருந்துச்சு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"சாயங்காலம் வாங்கம்மா. சரியா அடிக்கும்."

பழைய தங்கக் கடிகாரம்; கனவான்களின் சட்டைக்கைக்குள் பதுங்கும் மெல்லிய ரகம். எண்கள் கிடையாது. முகப்பு முழுக்க ஒரே கல், நகத்தளவு மெலிதாகச் சீவி ஒட்டிய கரும்பச்சைக் கல், அதில் ரத்தத் துளிபோல் சிவப்புப் புள்ளிகள். 'சிவப்புப் புள்ளி ஏழு' என்று வழக்கம்போல் ரசீதில் குறித்துக்கொண்டார். கல் என்றால் குளிர்ந்திருக்க வேண்டும். இது காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

மதிய வெயில் மேஜைமேல் பாய் விரித்திருக்க, எண்ணெய் வாசனையும் பித்தளை வாசனையும் மூக்கில் ஏற, உள்ளே மனைவி பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகி, பல்சக்கரங்களை ஒவ்வொரு பல்லாகப் பரிசோதித்தார். ஒரு பல்லும் உடையவில்லை. எங்கும் தூசியில்லை.

மூடியின் உட்புறத்தில் ஏழு குறிகள். பழுதுபார்த்தவர் ஊசியால் அங்கே தன் குறியைக் கீறி வைப்பது தொழில் வழக்கம். அடுத்துத் திறப்பவருக்கு மட்டும் தெரியும் கையெழுத்து. ஆனால் ஏழின்மேலும் தாறுமாறான கீறல்கள், அழிக்கத் துடித்ததுபோல.

வேலை முடிந்தபின்தான் குறி போட வேண்டும். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்டயேவா?" என்று முன்கூட்டியே போட்டார்.

திருப்பினார்.

புள்ளிகள் எட்டு.

எட்டாவது ஈரமாக இருந்தது. ரசீதைப் பார்த்தார். ஏழு. மறுபடி எண்ணினார். எட்டு. விரல் நுனி மரத்தது. மணிக்கட்டு மரத்தது. ஊசியை எடுத்துத் தன் குறிமேல் பரபரவென்று கீறினார். குறி அழியவில்லை. ஆழமானது.

பூதக்கண்ணாடியோடு முகப்பின்மேல் குனிந்தார்.

முதல் புள்ளிக்குள் ஓர் ஆள். ஓங்கிய கை. தட்டினான். அடுத்த புள்ளியில் இன்னொருவன். தட்டினான். ஒருவர்பின் ஒருவராக ஏழு பேர்.

எட்டாவதில் யாருமில்லை.

"என்னங்க, டீ ஆறுது!" உள்ளிருந்து மனைவியின் குரல்.

"ஏம்மா..." என்றார். குரல் வெளியே போகவில்லை.

சுற்றிலும் பச்சை. சூடு. தலைக்குமேல் கண்ணாடி. முள்ளின் நிழல் கத்திபோல் கடந்தது. பக்கத்தில் ஒருவன் திரும்பாமலே முனகினான்: "எனக்கப்புறம் நீ. தட்டு."

தட்டினார். அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தட்டினார்.

வானம் அடைத்தது. ஒரு காது. மலையளவு பெரிதாக. அவர் வாங்கித் தந்த தோடு.

"எட்டு அடிச்சு ஒண்ணை முழுங்குதே!" அவள் குரல் இடியாக இறங்கியது. "என்னங்க, எங்க போயிட்டீங்க? உங்களுக்கே சரி பண்ண வரலையா?"

கடைக்கதவு கிரீச்சிட்டது.

"பரவாயில்லைம்மா," என்றது அந்தப் பெண்மணியின் குரல். "வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கைப்பையின் வாய் மூடியது. இருட்டு.

ஏழு தட்டுகள் கேட்டன. அடுத்தது அவர் முறை.