சண்டைப் பாறைக்கு ஒரு விளக்கு

துறைமுகத்து ஐஸ் கடைக்காரம்மாவின் மகளை எல்லோரும் 'வாந்திப் பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். கரையில் கட்டிப்போட்ட படகில் ஏறினாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

கடலுக்குள் ஒரு குட்டிப் பாறை இருந்தது. அதைச் சுற்றி நிறைய மீன்.

"அது எங்க பாறை" என்பார் மீசை மாமா.

"எங்க தாத்தா காலத்துலேருந்து எங்களுது" என்பார் தொப்பி மாமா.

இருவருமே படகுக்காரர்கள். ஒருவரை ஒருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒரு நாள் மீசை மாமாவின் மகன் நெற்றியில் கட்டோடு ஐஸ் வாங்க வந்தான். இருட்டில் அவர்கள் படகு பாறையில் மோதிவிட்டதாம்.

"அங்க ஒரு விளக்கு வைக்கலாமே" என்றாள் பாப்பா.

"அப்பா வச்சா தொப்பி மாமா பிடுங்கிடுவார். அவர் வச்சா அப்பா பிடுங்கிடுவார். விளக்கு வச்சவங்களுக்குத்தான் பாறைன்னு ஆயிடுமாம்."

பாப்பா நேராகப் படகுத்துறைக்குப் போய், இரண்டு மாமாக்களையும் கடைக்குப் பேச வரச் சொன்னாள். "அவன் வந்தா நான் வரமாட்டேன்" என்றார்கள் இருவருமே.

"ஐஸ் அறைக்குள்ளதான் பேச்சு. முதல்ல வெளியே ஓடுறவங்க தோத்தாங்க" என்றாள்.

இருவரும் உடனே வந்துவிட்டார்கள்.

"எங்க முப்பாட்டன் அந்தப் பாறையில..." என்று மீசை மாமா ஆரம்பித்தார்.

"பாறை யாருதுன்னு இங்க பேச வேண்டாம் மாமா. விளக்கைப் பத்தி மட்டும் பேசுவோம்."

"யாரு வ-வ-வைக்கிறது?" தொப்பி மாமாவுக்குப் பல் தந்தியடித்தது.

"நானும் அம்மாவும். எங்ககிட்டதான் படகே இல்லையே."

மீசை மாமா சந்தேகமாகப் பார்த்தார். "நாளைக்குப் பாறையே உங்களுதுன்னு சொல்லிட்டா?"

"அங்க போகணும்னா நான் வழி முழுக்க வாந்தி எடுக்கணும் மாமா."

தொப்பி மாமா சிரித்துவிட்டார். மீசை மாமா சிரிப்பை அடக்கினார், மீசைதான் அடங்கவில்லை.

"ஆனா விளக்கை நீங்க ரெண்டு பேரும்தான் மாட்டணும், துடைக்கணும். ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் அவர்."

"சரி, சரி. க-கதவைத் திற."

இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் வாசலில் சிக்கிக்கொண்டார்கள். பாப்பாதான் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

கடை வாசலில் இருந்த சோலார் விளக்கை அம்மா கழற்றிக் கொடுத்தார். பாறையில் ஒரு மாமா கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் விளக்கை மாட்டினார்.

பாறை யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அதன் பிறகு எந்தப் படகும் அதில் மோதவில்லை. ஐஸ் வாங்க வரும்போது மாமாக்கள் போடும் சண்டையும் மாறிவிட்டது.

"உன் வாரத்துல வெளிச்சம் மங்கலா இருந்துச்சு."

"உன் வாரத்துல கண்ணாடி பூரா பறவை எச்சம்."

பாப்பா குறுக்கே பேசுவதில்லை. இருவரும் போட்டி போட்டுத் துடைப்பதில், விளக்கு கரை வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது.